மாஸ்டடானிலும் பீர்டியூபிலும் சேர்கிறவர்கள் ஏன் நிற்பதில்லை?

கேள்வி சுருக்கமாக இது: ஒரு தமிழ்க் குழு சொந்த சர்வரில் மாஸ்டடானும் (ட்விட்டர் போன்ற பதிவுத் தளம்) பீர்டியூபும் (யூடியூப் போன்ற வீடியோ தளம்) நடத்துகிறது. இரண்டும் யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவி, மற்ற சர்வர்களோடு இணைத்துக்கொள்ளக்கூடிய மென்பொருள்கள். கூட்டங்களில் எடுத்துச் சொன்னால் ஆர்வமாகக் கணக்குத் தொடங்குகிறார்கள், ஒரு வாரத்தில் பெரும்பாலானோரைக் காணவில்லை. இன்டர்ஃபேஸைத் தமிழாக்கினால் நிற்பார்களா, தோற்றத்தையே மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: புதிதாக வந்தவர் முதல் பத்து நிமிடத்தில் எதைப் பார்க்கிறார், அதில் எதையெல்லாம் அட்மினால் மாற்ற முடியும்? ஏனென்றால் தோற்றம் பிடிக்காமல் போகிறவர்கள் குறைவு. திரையில் ஒன்றுமே இல்லை என்று போகிறவர்கள்தான் அதிகம். அந்த வெறுமை இந்த மென்பொருள்கள் வேலை செய்யும் விதத்திலிருந்தே வருவது. அதில் பெரும்பகுதியை அட்மின் பக்கத்திலேயே சரிசெய்யலாம்.

முதலில், விளக்கம் சொல்வதை நிறுத்துங்கள். ‘இது மின்னஞ்சல் மாதிரி, ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு அனுப்புவதில்லையா’ என்று தொடங்கும் பாடம் சேர்ந்து ஒரு மாதம் ஆனவருக்குப் பயன்படும், சேர வந்தவருக்குத் தடைதான். மாஸ்டடானின் அதிகாரப்பூர்வ ஆப் 2023 மே மாதம், மாஸ்டடான் அமைப்பே நடத்தும் மாஸ்டடான்.சோஷியல் சர்வரில் நேராகச் சேரும் பட்டனை முன்னால் வைத்து, வேறு சர்வரைத் தேர்ந்தெடுப்பதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது இந்தத் தடைக்காகத்தான். உங்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை, சர்வர் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஆகவே கூட்டத்தில் சர்வர் முகவரியைச் சொல்லாதீர்கள், அழைப்பு இணைப்பைக் கொடுங்கள். மாஸ்டடானில் அழைப்பு உருவாக்கும்போது எத்தனை பேர், எத்தனை நாள் என்ற வரம்போடு, ‘அழைப்பவரின் கணக்கைத் தானாகவே பின்தொடரட்டும்’ என்று ஒரு தேர்வும் இருக்கிறது. அதை டிக் செய்யுங்கள். நன்றாக எழுதும் ஒருவரின் கணக்கிலிருந்து அழைப்பு போனால், வருகிறவருக்கு முதல் நிமிடமே ஒரு மனிதர் கண்ணில் படுவார். ஒப்புதல் முறையில் சர்வரை வைத்திருந்தால், பொதுப் பக்கம் வழியாக வந்தவர்களைச் சில மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து வரும் ‘உங்கள் கணக்கு ஏற்கப்பட்டது’ என்ற மின்னஞ்சலை யாரும் திறப்பதில்லை.

மின்னஞ்சல் என்றதும் நினைவுக்கு வருவது, பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று. உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வராததால் போனவர்கள் உங்கள் கணக்கெடுப்பில் ‘சேர்ந்தும் நிற்காதவர்’ என்றுதான் தெரிவார்கள். இதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, புதிய விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) ஐபியிலிருந்து நேரடியாக அனுப்புவது. சர்வர் வாடகைக்குத் தரும் பல நிறுவனங்கள் அஞ்சல் போகும் போர்ட் 25-ஐ மூடியே வைத்திருக்கின்றன. திறந்திருந்தாலும் புதிய ஐபியின் அஞ்சல் ஸ்பேமுக்குத்தான் போகும். அஞ்சல் அனுப்பித் தரும் வெளி எஸ்எம்டிபி சேவை ஒன்றை போர்ட் 587 வழியாகப் பயன்படுத்தி, டொமைனுக்கு, அஞ்சல் போலியல்ல என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் அமைத்துவிட்டு, ஒரு ஜிமெயில் கணக்குக்கு அனுப்பி, அஞ்சலின் மூலத்தைத் திறந்து மூன்றிலும் ‘பாஸ்’ வருகிறதா பாருங்கள். இரண்டாவது காரணம் சைட்கிக், அதாவது பின்னணி வேலைகளை வரிசைகளில் (க்யூ) வைத்துச் செய்யும் நிரல். மாஸ்டடானின் இயல்பான அமைப்பில் ஒரே ப்ராசஸ்தான் எல்லா க்யூக்களையும் பார்க்கிறது. அதில் ‘டிஃபால்ட்’ (உள்ளூர்ப் பயனர்களின் வேலை), ‘புஷ்’ (வெளி சர்வர்களுக்கு அனுப்புவது), ‘இன்க்ரஸ்’ (வெளியிலிருந்து வருவதை ஏற்பது) ஆகியவற்றுக்குக் கிடைக்கும் முன்னுரிமை அஞ்சல் அனுப்பும் ‘மெயிலர்ஸ்’ க்யூவுக்குக் கிடையாது. வெளியிலிருந்து பதிவுகள் கொட்டும் நேரத்தில் உறுதிப்படுத்தும் அஞ்சல் பின்னால் காத்துக் கிடக்கும். கூட்டத்தில் முப்பது பேர் ஒரே நேரத்தில் சேரும்போதுதான் இது வெளியே தெரியும். மெயிலர்ஸுக்கென்று நான்கைந்து த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) கொண்ட தனி சைட்கிக் சர்வீஸ் ஒன்றை ஓட்டினால் தீர்ந்தது. த்ரெட் எண்ணிக்கையும் டேட்டாபேஸ் பூல் (திறந்து வைக்கும் இணைப்புகள்) அளவும் பொருந்த வேண்டும். நேரம் குறித்த வேலைகளுக்கான ‘ஷெட்யூலர்’ க்யூ மட்டும் ஒரே ஒரு ப்ராசஸில்தான் ஓட வேண்டும்.

இனி முக்கியமான விஷயம், காலியான டைம்லைன். மாஸ்டடான் சர்வர் ஒன்றுக்கு உலகம் முழுவதும் நடப்பது தெரியாது. அதன் பயனர்களில் யாராவது ஒருவர் பின்தொடரும் கணக்கின் பதிவுகளே, பின்தொடர்ந்த நாள் தொடங்கி, அங்கே வந்து சேரும். பிறர் பகிர்ந்தவையும், யாராவது தேடித் திறந்தவையும் கூடுதலாக வரலாம். முப்பது பேர் கொண்ட சர்வரில் ஒருவர் ‘தமிழ்’ என்ற ஹேஷ்டேக்கைத் திறந்து இரண்டே பதிவுகளைப் பார்த்தால், தமிழில் எழுதுகிறவர்களே இங்கே இல்லை என்ற முடிவுக்கு வருவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதேபோல வெளி சர்வரில் இருக்கும் ஒருவரின் பக்கத்தைத் திறந்தால், அவர் ஐந்து வருடமாக எழுதிக்கொண்டிருந்தாலும் பழைய பதிவுகள் காலியாக இருக்கும்.

இதற்குச் செலவில்லாத வழி, ‘வாசகர்’ போன்ற பெயரில் ஒரு பொதுக் கணக்கைத் தொடங்கி, தமிழிலும் உங்கள் குழுவின் துறைகளிலும் சுறுசுறுப்பாக எழுதும் நூறு இருநூறு கணக்குகளைப் பின்தொடர வைப்பது. அந்த ஒரு கணக்கு பின்தொடர்ந்தாலே போதும், அவர்களின் பொதுப் பதிவுகள் உங்கள் சர்வரில் உள்ள எல்லோருடைய ஹேஷ்டேக் பக்கத்திலும் தெரியும். பழைய பதிவுகள் வராது என்பதால் இதைக் கூட்டத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே செய்ய வேண்டும். கணக்கின் சுயவிவரத்தில் அது எதற்காக இருக்கிறது என்று எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் யாரோ உளவு பார்க்கிறார்கள் என்று சிலர் தடுத்துவிடுவார்கள். ரிலே, அதாவது பல சர்வர்களின் பொதுப் பதிவுகளை வாங்கி மற்றவற்றுக்கு அனுப்பும் இடைச் சர்வர், ஒன்றைச் சேர்ப்பது இன்னொரு வழி. ஆனால் பெரிய பொது ரிலேக்கள் உங்களுக்குத் தொடர்பில்லாத மொழிகளில் ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கொண்டுவந்து கொட்டும்; 4 ஜிபி நினைவகம் கொண்ட சர்வரில் இன்க்ரஸ் க்யூ நிமிடக்கணக்கில் பின்தங்கும், வெளியிலிருந்து வரும் படங்களின் கேஷ் (தற்காலிகப் பிரதி) வட்டை நிரப்பும். ஹேஷ்டேக் வாரியாகவோ சர்வர் வாரியாகவோ வடிகட்டித் தரும் ரிலே கிடைத்தால் சேருங்கள். அப்போதும் மீடியா கேஷை ஏழு நாள் போல ஒரு வரம்பு வைத்து அழிக்கச் சொல்லிவிடுங்கள்.

அட்மின் அமைப்புகளில் ‘கண்டறிதல்’ பகுதியில், புதியவர்களுக்கு எப்போதும் பரிந்துரைக்க வேண்டிய கணக்குகளை எழுதும் கட்டம் இருக்கிறது. பல சர்வர்களில் அது காலியாகவே கிடக்கிறது. ஐந்தாறு பெயர் போதும், நிறுவனக் கணக்குகளைத் தவிர்த்து பதில் சொல்லும் பழக்கமுள்ள மனிதர்களைப் போடுங்கள். அதோடு, பின்தொடரும் கணக்குகளின் பட்டியலை சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாக ஏற்றுமதி செய்து புதியவர்களிடம் கொடுக்கலாம். இறக்குமதி செய்யும்போது ‘சேர்’, ‘மாற்றி எழுது’ என்று இரண்டு தேர்வு வரும். இரண்டாவதைத் தொட்டால் அவர் தானாகப் பின்தொடர்ந்தவர்கள் எல்லோரும் போய்விடுவார்கள் என்பதை எழுதியே கொடுங்கள். ‘ட்ரெண்டிங்’ பக்கமும் இதே மாதிரிதான்: இயல்பாக அது மட்டுறுத்துனர் பார்த்து அனுமதித்தவற்றையே காட்டும். யாரும் அனுமதிக்காத சர்வரில் அந்தப் பக்கம் எப்போதும் வெறிச்சோடித்தான் இருக்கும். வாரம் இருமுறை ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் போதுமானது.

பதில்கள் பாதி மட்டும் தெரிவது, ஒருவருக்கு ஆயிரம் ஃபாலோயர் இருந்தும் பட்டியலில் நான்கு பேர் தெரிவது ஆகியவற்றை புதியவர்கள் பழுது என்றே நினைக்கிறார்கள். பதில்களைப் பொறுத்தவரை, விடுபட்டவற்றை மூல சர்வரிலிருந்து தேடி எடுக்கும் வசதி 4.4 பதிப்பில் சோதனை நிலையில் வந்தது, 4.5-இல் இயல்பாகவே ஓடுகிறது. பழைய பதிப்பில் இருந்தால் மேம்படுத்துங்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே அந்த வேலை தகும்.

தேடல் தமிழுக்குத் தனிச் சிக்கல். பொதுப் பதிவுகளின் முழு உரையிலும் தேடும் வசதி 4.2 பதிப்பிலிருந்து இருக்கிறது, ஆனால் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும் (அதற்கே ஒன்றிரண்டு ஜிபி நினைவகம் தனியாக வேண்டும்), எழுதியவரும் தன் பதிவுகளைத் தேடலில் சேர்க்க ஒப்புதல் தந்திருக்க வேண்டும். ‘தனியுரிமை, சென்றடைதல்’ பக்கத்தில் உள்ள அந்தத் தேர்வு இயல்பாக அணைந்தே இருக்கும். இத்தனையும் செய்த பிறகும், மாஸ்டடானின் தேடல் அமைப்பு ஆங்கிலச் சொற்களின் விகுதியைத்தான் வெட்டத் தெரிந்தது. ‘மதுரை’ என்று தேடினால் ‘மதுரையில்’, ‘மதுரைக்கு’ என்று எழுதியவை வராது. எனவே தமிழ்ச் சர்வரில் ஹேஷ்டேக் பழக்கம் அலங்காரம் அல்ல, அதுதான் தேடலே. வேற்றுமை உருபு ஒட்டாத, இடைவெளி இல்லாத பத்துப் பதினைந்து ஹேஷ்டேக்குகளைக் குழுவாக முடிவுசெய்து, வந்தவுடன் அவற்றில் நான்கையாவது பின்தொடரச் சொல்லுங்கள். ஹேஷ்டேக்கை ஃபாலோ செய்யும் வசதி 4.0-இலிருந்தே இருக்கிறது.

பதிவின் மொழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்டர்ஃபேஸை ஆங்கிலத்தில் வைத்திருப்பவரின் தமிழ்ப் பதிவு ‘ஆங்கிலம்’ என்ற அடையாளத்தோடு போகும், அவராக மாற்றாவிட்டால். அப்போது தமிழை மட்டும் வடிகட்டிப் படிப்பவருக்கு அது வராது, மொழிபெயர்ப்பு பட்டனும் குழம்பும். விருப்பங்கள் பக்கத்தில் இயல்பான பதிவு மொழியைத் தமிழாக்க அரை நிமிடம் ஆகும். ஒரு நல்ல செய்தியும் உண்டு: 500 எழுத்து வரம்பை மாஸ்டடான் தமிழ் எழுத்தாகவே எண்ணுகிறது. ‘தமிழ்’ என்பது அங்கே மூன்று, ட்விட்டரின் எண்ணிக்கையில் ஐந்து. கவிதை எழுதுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வேறு எந்த வசதியைவிடவும் இது அவர்களுக்குப் பிடிக்கும்.

பீர்டியூபில் வெறுமை வேறு விதமானது. பார்க்க வருகிறவர் யூடியூபில் தேடுவதுபோல எதையாவது தேடுவார். உங்கள் சர்வரில் இருபது வீடியோ இருந்தால் முடிவு பூஜ்யம். அட்மின் அமைப்புகளில் ‘குளோபல் சர்ச்’ என்ற பகுதியில் பீர்டியூபை உருவாக்கிய ஃப்ராமாசாஃப்ட் நடத்தும் செபியா தேடல் குறியீட்டை இணைத்து, அதையே இயல்பான தேடலாக வைக்கலாம். தங்களைப் பதிந்துகொண்ட பீர்டியூப் சர்வர்கள் அனைத்திலிருந்தும் முடிவுகள் வரும். உங்கள் வீடியோக்களும் மற்றவர்களுக்குக் கிடைக்க, நீங்களும் அந்தக் குறியீட்டில் பதிந்துகொள்ள வேண்டும். கூடவே, தரமான சில சர்வர்களை அட்மினாகப் பின்தொடருங்கள். பின்தொடர்ந்தால் வீடியோவின் தலைப்பும் விவரமும்தான் வரும், வீடியோ கோப்பு உங்கள் வட்டுக்கு வராது. அதனால் இடம் நிரம்புமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் அவர்கள் போடும் எல்லாமே உங்கள் பக்கத்தில் தெரியும் என்பதால், என்ன போடுகிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சேருங்கள். முகப்பில் ‘அண்மையில் வந்தவை’ பட்டியலை வைக்காமல், நீங்களே தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று பிளேலிஸ்ட்டை வைக்க முகப்புப் பக்கத்தை எழுதிக்கொள்ளலாம்.

வீடியோ ஏற்ற வருகிறவர் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, கணக்கு வேறு, சேனல் வேறு என்பது. கணக்கு தொடங்கியதும் தானாக ஒரு சேனல் உருவாகும். அதன் காட்சிப் பெயரை மாற்றலாம், முகவரியில் வரும் பெயரை மாற்றவே முடியாது. ஆகவே முதல் வீடியோ ஏற்றும் முன்பே விரும்பிய பெயரில் புது சேனல் தொடங்கச் சொல்லுங்கள். இரண்டாவது, டிரான்ஸ்கோடிங். இரண்டு கோர் சர்வரில் ஒரு மணி நேர வீடியோவைப் பல தெளிவுகளுக்கு மாற்றினால் மணிக்கணக்கில் ஓடும். அதுவரை வீடியோ தடுமாறும், ஏற்றியவர் கெட்டுப்போய்விட்டது என்று அழித்து மறுபடி ஏற்றுவார், க்யூ இன்னும் நீளும். ‘மாற்றி முடித்த பிறகு வெளியிடு’ என்ற தேர்வை விடாமல் பயன்படுத்தச் சொல்லுங்கள், 1080பி-க்கு மேல் உள்ள தெளிவுகளை அணையுங்கள். 5.2 பதிப்பிலிருந்து டிரான்ஸ்கோடிங்கை வேறு கணினியில் ஓடும் ரன்னர் என்ற துணை நிரலுக்குத் தள்ளலாம். குழுவில் யார் வீட்டிலாவது சும்மா இருக்கும் டெஸ்க்டாப் இருந்தால் அதை இதற்குக் கொடுங்கள். மூன்றாவது, பாதியில் நிற்கும் அப்லோட். சர்வருக்கு முன்னால் க்ளவுட்ஃப்ளேர் (வருவதையும் போவதையும் இடையில் வாங்கிக் கடத்தும் சேவை) இலவசத் திட்டம் இருந்தால் ஒரு கோரிக்கை 100 எம்பி-யைத் தாண்டக் கூடாது, பீர்டியூப் அனுப்பும் துண்டு அதைவிடப் பெரிதானால் மறுக்கப்படும். கான்ஃபிக் கோப்பில் துண்டின் அதிகபட்ச அளவை அதற்குக் கீழே வைத்தால் சரியாகிவிடும்.

பார்வையாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பி2பி வசதியைப் பற்றி மிகையாக நம்ப வேண்டாம். ஒரே நேரத்தில் பலர் பார்க்கும் நேரலைக்கு அது உதவும். ஒருவர் மட்டும் பார்க்கும் பழைய வீடியோ முழுக்க உங்கள் சர்வரிலிருந்துதான் போகும்: விநாடிக்கு 4 மெகாபிட் ஓடும் வீடியோ என்றால் மணிக்கு ஏறக்குறைய 1.8 ஜிபி. பி2பி-யில் பார்ப்பவரின் ஐபி முகவரி உடன் பார்ப்பவர்களுக்குத் தெரியும் என்பதையும், மொபைல் டேட்டாவில் பார்க்கும்போது அப்லோடை நிறுத்தும் ஏற்பாடு இருந்தாலும் எந்த இணைப்பு என்று எல்லா பிரவுசரும் சொல்வதில்லை என்பதையும் உதவிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். மாஸ்டடான் கணக்கு உள்ளவர் பீர்டியூபில் தனிக் கணக்கு தொடங்கத் தேவையில்லை என்பதையும் அங்கேயே சேருங்கள். சேனல் முகவரியை மாஸ்டடான் தேடலில் ஒட்டி ஃபாலோ செய்தால் புது வீடியோ டைம்லைனுக்கே வரும், அதற்கு எழுதும் பதில் பீர்டியூபில் கருத்தாக விழும். இரண்டையும் ஒன்றாக நடத்துகிற நீங்கள் இதைச் சொல்லாமல் விட்டால் நஷ்டம்.

இதுவரை சொன்னவை செய்து பார்த்தால் பலன் தெரிபவை. அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. ஒரே பெரிய சர்வரை இயல்பாகக் காட்டுவது சேருகிறவர்களை அதிகரிக்கலாம், ஆனால் பரவலாக்கம் என்ற நோக்கத்தையே அது குறைக்கிறது என்ற எதிர்ப்பும் நியாயமானது. இந்த வாதம் முடியவில்லை. 2024 ஜூனில் ப்ளூஸ்கை என்ற இன்னொரு பதிவுத் தளம் கொண்டுவந்த ஸ்டார்ட்டர் பேக் முறை (புதியவர் ஒரே தட்டில் பின்தொடர ஒருவர் தொகுத்துத் தரும் பட்டியல்) ஆட்களை வேகமாக இணைத்தது உண்மை, ஆனால் பட்டியலில் முதலில் இடம்பிடித்தவர்களே மேலும் வளரும் சாய்வு அதில் இருக்கிறது. மேலே சொன்ன சிஎஸ்வி கோப்புக்கும் அதே குறை உண்டு என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலை மாற்றுங்கள். மேற்கோள் பதிவு (பிறர் பதிவைக் காட்டித் தன் கருத்தோடு இடுவது) வேண்டுமா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்து, எழுதியவரே அனுமதியைக் கட்டுப்படுத்தும்படி மாஸ்டடான் 4.5-இல் அது வந்துவிட்டது. அதனால் ஆட்கள் நிற்பார்கள் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

அட்மின் பக்கத்தில் தீராதது ஒன்றுண்டு, பழைய ஆட்களின் அதட்டல். ‘படத்துக்கு விளக்கம் எழுதவில்லையா’, ‘இதை எச்சரிக்கைக்குப் பின்னால் வை’ என்று முதல் பதிவிலேயே நாலு பேர் வந்து சொன்னால் ஐந்தாவது பதிவு வராது. 2022 கடைசியில் ட்விட்டரிலிருந்து வந்த அலையில் பலர் வெளிப்படையாகவே இதைப் புகாராகச் சொன்னார்கள். பட விளக்கம் அவசியம்தான், பார்வையற்றவர்கள் அதை வைத்துத்தான் படிக்கிறார்கள். அதைச் சொல்ல ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், ஒரு வாரம் கழித்து அவர் தனிச்செய்தியில் சொல்லட்டும். மறுபக்கம், தொல்லை கொடுப்பவர் மீது வரும் புகாரை அன்றைக்கே பாருங்கள். பெண்கள் விலகுவதற்கு இன்டர்ஃபேஸைக் காரணம் காட்டுகிற குழுக்களில், கவனிக்கப்படாத புகார்களின் வரிசையை முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

‘பிடிக்காவிட்டால் வேறு சர்வருக்கு மாறிக்கொள்ளலாம்’ என்று வாக்குக் கொடுக்கும்போது முழுதாகச் சொல்லுங்கள். மாஸ்டடானில் ஃபாலோயர்கள் உடன் வருவார்கள்; பின்தொடரும் பட்டியலை சிஎஸ்வி-யாக எடுத்துப்போகலாம்; எழுதிய பதிவுகள் வராது. ஒருமுறை மாறினால் அடுத்த 30 நாளுக்கு மறுபடி மாற முடியாது. பழைய சர்வர் உயிரோடு இருந்தால்தான் இது நடக்கும், அட்மின் திடீரென்று மூடிவிட்டால் எல்லாம் போச்சு. தன் தளத்தில் பட்டியலிடும் சர்வர்களுக்கு மாஸ்டடான் வைத்திருக்கும் சர்வர் உடன்படிக்கை, மூடுவதற்கு மூன்று மாத முன்னறிவிப்பும், தினசரி பேக்கப்பும், அவசரத்துக்கு இன்னொருவர் கையிலும் அணுகலும் கேட்பது இதனால்தான். உடன்படிக்கையில் சேராவிட்டாலும் இந்த மூன்றையும் உங்கள் ‘பற்றி’ பக்கத்தில் எழுதுங்கள்.

தமிழாக்கம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேண்டும், ஆனால் வரிசையில் கடைசியில். மாஸ்டடானின் மொழிபெயர்ப்பு க்ரவுடினிலும், பீர்டியூபின் மொழிபெயர்ப்பு ஃப்ராமாசாஃப்டின் வெப்லேட்டிலும் நடக்கிறது. கணக்குத் தொடங்கி நீங்களே சேர்க்கலாம். ஆயிரக்கணக்கான வரிகளை வரிசையாகச் செய்யத் தொடங்கினால் அட்மின் பக்கத்துப் பொத்தான்களிலேயே ஓய்ந்துபோவீர்கள். புதியவர் கண்ணில் படும் வரிகளை முதலில் எடுங்கள்: பதிவுப் படிவம், உறுதிப்படுத்தும் அஞ்சல், பிழைச் செய்திகள், தனியுரிமைத் தேர்வுகள். மாஸ்டடான் பயனர்பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே வரும். அதைச் சொல்லும் பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வந்தால் தமிழில் பெயர் அடித்துவிட்டுத் திணறுகிறவர்கள் உண்டு. காட்சிப் பெயர் தமிழில் இருக்கலாம் என்று படிவத்துக்கு மேலேயே ஒரு வரி வேண்டும். சர்வர் விதிகளுக்கு மொழிவாரி வடிவம் சேர்க்கும் வசதி 4.4-இல் வந்திருக்கிறது. அதற்கும் ‘பற்றி’ பக்கத்துக்கும் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை என்பதால் இந்த வாரமே எழுதிவிடலாம்.